சர்க்கார் வக்கீல் நீதிபதி ஆனார்

சர்க்காருக்காக வாதாடிய வக்கீல் ஒருவர் நீதிபதி ஆகிறார். சர்க்கார் மீது போடும் வழக்குகள் அவர் முன்னாலேயே விசாரணைக்கு வருகின்றன. பழைய எஜமானருக்குச் சாதகமாக நடப்பாரா?

அமெரிக்க நீதிபதி ஸ்ரீ சீனிவாசனின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது.

இவருடைய தந்தையின் ஊர், திருநெல்வேலியை அடுத்த மேலத்திருவேங்கடநாதபுரம். சீனிவாசன் 1967-ல் சண்டிகாரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா போனார். தந்தை அங்கே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மகன் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்.

முதலில் நீதிபதிகளிடம் உதவியாளர் வேலை. அவர்களில் ஒருவர், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

2002 முதல் 2007 வரை, ஜனாதிபதி புஷ் காலத்தில், சர்க்கார் வக்கீலாக வாதாடினார். 2011-ல் ஒபாமா ஆட்சியில் முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். ஆண்ட கட்சிகள் வேறு. இவர் பார்த்த வேலை ஒன்றே.

எதிர்ப்பே இல்லை

வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு நீதிபதி பதவிக்கு ஒபாமா இவரை நியமித்தார். 2013 மே 23-ந் தேதி செனட் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 97 ஓட்டு. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. பகவத் கீதையின் மீது கை வைத்துப் பிரமாணம் எடுத்தார்.

மலை வழக்கு

மேற்கு வர்ஜீனியாவில் பிளேர் என்று ஒரு மலை. 1921-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்திப் போராடிய இடம். 2009-ல் அது தேசிய சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

சில சங்கங்கள் வழக்குப் போட்டன. "வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை" என்று கீழ்க்கோர்ட்டு தள்ளுபடி செய்தது. அப்பீலை 3 நீதிபதிகள் விசாரித்தார்கள். "உரிமை உண்டு" என்று 2014-ல் 2 பேர் தீர்ப்புக் கூறினார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் சீனிவாசன். சர்க்கார் தரப்பு தோற்றது.

வழக்கு மறுபடியும் நடந்தது. 2018-ல் மலை மீண்டும் பட்டியலில் ஏறியது.

2020-ல் சீனிவாசன் அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஆனார்.

அமெரிக்காவில் மத்திய நீதிபதியின் பதவி ஆயுள் வரை. ஜனாதிபதி நினைத்தாலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. சம்பளத்தையும் குறைக்க முடியாது. நேற்று சர்க்காருக்காக வாதாடியவர், இன்று பயமின்றி அதற்கு எதிராகத் தீர்ப்பு எழுதலாம். சாதாரண மக்கள் கோர்ட்டுப் படி ஏறுவது அந்தத் தைரியத்தை நம்பித்தானே!