நித்தியகல்யாணி

நித்தியகல்யாணிச் செடியை அறியாதார் நம்மில் இலர். ஆடுமாடு அதில் வாய் வையாது; நீர் வார்ப்பார் இன்றியும் ஆண்டு முழுவதும் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் இருப்பதால், வீட்டில் வளர்க்க அஞ்சுவோரும் உளர். மடகாஸ்கர் தீவில் பிறந்த இச்செடி, புற்றுநோய்க்கு மருந்தான வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

1952-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இச்செடியின் 25 இலைகள் இருந்தன. நீரிழிவுக்காரர் அவ்விலையைத் தேநீர் போலக் காய்ச்சிப் பருகுவது அத்தீவின் வழக்கம். (கேட்போர் எவரும் அதனைப் பின்பற்ற வேண்டா, இலை நச்சுத்தன்மை உடையது.) மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்த தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அவர் அவற்றை அனுப்பினார். ராபர்ட் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியே செலுத்தினார். எலிகள் சில நாளில் மாண்டன.

பிறராயின் இலையை எறிந்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பர். இவர்களோ, எலிகள் ஏன் மாண்டன என்று ஆராயப் புகுந்தனர். மாண்ட எலிகளின் உடலில் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் பெரிதும் குன்றியிருந்தன. அவற்றைத் தோற்றுவிக்கும் எலும்பு மஜ்ஜையும் நலிந்திருந்தது. வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதுதானே லூக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்? அப்பெருக்கத்தை அடக்கும் நஞ்சு அதற்கு மருந்தாகலாம் அன்றோ? 1954-இல் குழுவில் சேர்ந்த வேதியியல் அறிஞர் சார்லஸ் பியர், சாற்றிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். 1958-இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்காவில் இதே செடியைத் தனியே ஆராய்ந்த எலி லில்லி நிறுவனத்தார் கண்ட வின்கிரிஸ்டின், அந்நாட்டில் 1963-இல் ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துகள் வேலை செய்யும் விதத்தைக் காண்போம். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் தோன்றுகின்றன. இவை டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. மருந்து அப்புரதத்தைப் பற்றிக்கொள்வதால் குழல்கள் அமைவதில்லை. உயிரணு பிரிய மாட்டாமல் பாதிவழியில் நின்று மடிகிறது.

நரம்பணு பிரிவதில்லையே, அதற்கு என்ன தீங்கு என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழையில், வேண்டிய பொருள்கள் செல்லும் பாதையும் இந்நுண்குழல்களே. ஆதலால், வின்கிரிஸ்டின் பெறும் குழந்தைக்கு நோய் தணியும் வேளையிலேயே விரல் மரத்துப்போகலாம். பொத்தான் மாட்டக் கை தடுமாறலாம். பாதம் தொய்ந்து நடை தளரலாம். அளவு குறைந்தால் புற்று தப்பிவிடும். மிகுந்தால் நரம்பு கெடும். மருத்துவர் இவ்விரண்டிற்கும் நடுவே நின்று அளவிட வேண்டியிருக்கிறது. மருந்தை நிறுத்திய பின் பலருக்குக் குறை மெல்ல நீங்குகிறது. வின்கிரிஸ்டினுடன் வேறு மருந்துகளையும் இணைத்து அளிப்பதால், ஒரு காலத்தில் பிழைப்பதே அரிதாயிருந்த குழந்தைப்பருவ லூக்கேமியாவில், செல்வ நாடுகளில் இன்று 100-க்கு ஏறத்தாழ 90 குழந்தைகள் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதனாலேயே, 2022-இல் ஆராய்ச்சியாளர் சிலர் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, இம்மருந்தின் இரு மூலக்கூறுகளை அதனைக்கொண்டே ஆக்கிக் காட்டினர். அவ்விரண்டையும் இணைக்கும் வேலையை வேதியியலர் கையால் முடித்தனர்.