பாட்டிக்கு ஒரு நல்ல போட்டோ இருக்கிறதா? மொபைலிலேயே போட்டோகிராஃபி பழகலாம், வாங்க!

வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டால், அழுகைக்கு நடுவிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: "ஃபிரேம் போடுற மாதிரி நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?"

உடனே ஆளாளுக்குப் போனைத் துழாவுகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு, குட் மார்னிங் மெசேஜ், செல்ஃபி என ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. தேடுகிற முகம் மட்டும் ஒழுங்காகக் கிடைக்காது. கடைசியில் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்தோ, ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியோ ஸ்டூடியோவில் கொடுக்கிறோம்.

எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில் இந்த நிலைமை ஏன்? போட்டோகிராஃபியை நாம் ஒரு கலையாகப் பழகவே இல்லை என்பதுதான் காரணம். அதற்கு லட்ச ரூபாய் கேமரா வேண்டாம். ஒரு மொபைல், ஒரு ஜன்னல், உட்கார்ந்துகொள்ள வீட்டில் ஒருவர். இவ்வளவு போதும்.

முதலில் வெளிச்சம்

1975-ல் கோடாக் நிறுவன இன்ஜினீயர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய ஆரம்பகால டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். இன்றைய 12 மெகாபிக்ஸல் படத்தில் 1 கோடியே 20 லட்சம். ஆனால் அன்றும் இன்றும் கேமரா செய்வது ஒரே வேலைதான். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து எண்களாக எழுதிவைக்கிறது.

அதனால் முதல் பாடம் வெளிச்சம்தான். பாட்டியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலும் விழும். மூக்கு, கன்னம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் உருவம் பெறுவது அந்த நிழலால்தான். நிழல் ரொம்ப அடர்த்தியாக இருந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும்.

அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் வேறு வேறு நிறம். இரண்டும் கலந்தால் முகம் திட்டுத்திட்டாகத் தெரியும். ஃபிளாஷும் வேண்டாம். அது நேராக அடித்து முகத்தைத் தட்டையாக்கிவிடும்.

கேமரா ஏமாறும் இடம்

வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்பவரின் முகம் ஏன் இருட்டாக விழுகிறது? எதைப் பார்த்தாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் சுபாவம். வெள்ளை அதிகம் இருந்தால் படத்தை மொத்தமாக இருட்டாக்கும். கறுப்பு அதிகம் இருந்தால் தேவைக்கு மேல் வெளுக்கவைக்கும். முகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் போன்களும்கூட இதில் அடிக்கடி ஏமாறுகின்றன.

தீர்வு உங்கள் விரலில் இருக்கிறது. திரையில் முகத்தின் மேல் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும். கீழே நகர்த்தினால் குறையும். மாநிறமோ கறுப்போ, உண்மையான தோல் நிறம் படத்தில் வரும்வரை நகர்த்திப் பாருங்கள்.

முக்கியமான இன்னொன்று, பியூட்டி மோடை ஆஃப் செய்யுங்கள். சுருக்கத்தை அழித்து, நிறத்தை வெளுத்துக் காட்டும் படத்தில் இருப்பவர் உங்கள் பாட்டி இல்லை.

மூன்று விஷயங்கள்

எந்த கேமராவாக இருந்தாலும் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை மூன்று.

அப்பர்ச்சர்: லென்ஸின் துவாரம். எஃப் 1.8 என்றால் பெரிய துவாரம், எஃப் 16 என்றால் சிறியது. துவாரம் பெரிதானால் பின்னணி மங்கும். பெரும்பாலான மொபைல்களில் இதை மாற்ற முடியாது. போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை மங்கலாக்குவது சாஃப்ட்வேர்.

ஷட்டர் ஸ்பீடு: வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது என்பது. விநாடியில் 1,000-ல் ஒரு பங்கு என்றால் ஓடும் குழந்தையும் உறைந்து நிற்கும். 30-ல் ஒரு பங்கு என்றால் குழந்தை கலங்கித் தெரியும்.

ஐ.எஸ்.ஓ: கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது. 100-ல் படம் சுத்தமாக இருக்கும். 3,200-ஐத் தொட்டால் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும்.

ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும். மொபைலில் புரோ மோடு இருந்தால் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ-வையும் நீங்களே மாற்றிப் பார்க்கலாம். படித்துப் புரிவதைவிட, மின்விசிறியை வெவ்வேறு ஷட்டர் ஸ்பீடில் பத்துப் படம் எடுத்தால் சீக்கிரம் புரிந்துவிடும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். கண்கள் மேல் கோட்டின் அருகில் வரும்படி வைத்துப் பாருங்கள். பாட்டி இடப்பக்கம் பார்த்தால், அந்தப் பக்கம் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். இது சட்டம் இல்லை; பழக ஒரு வழி. பழகியபின் தாராளமாக மீறலாம்.

முகத்துக்கு மிக அருகில் போனை நீட்டினால் மூக்கு பெரிதாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளி நின்று, போனில் 2எக்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். தலைக்குப் பின்னால் காலண்டரோ சுவிட்ச் போர்டோ முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதே நேரம், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். அதுவும் அவருடைய படம்தான்.

காத்திருங்கள்

'ஸ்மைல் ப்ளீஸ்' சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரியான சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். பேச்சுக்கொடுங்கள். சின்ன வயதில் நடந்ததைக் கேளுங்கள். சொல்லி முடித்து மூச்சுவிடும் அந்த நொடியில் முகம் தானாக இளகும். பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இப்படி ஒரு நொடிக்காகக் காத்திருப்பதையே தன் பாணியாக வைத்திருந்தார். 1952-ல் வெளியான அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்புக்கே 'தீர்மானமான தருணம்' என்றுதான் பொருள்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். அதே ஆள், அதே ஜன்னல், தினம் வேறு வேறு நேரம். காலை 7 மணி வெளிச்சமும் மதியம் 12 மணி வெளிச்சமும் ஒரே முகத்தை எப்படி மாற்றுகின்றன என்று தெரிந்துவிடும். தினமும் இருபது எடுத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். அந்த ஒன்றை ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று யோசிப்பதுதான் உண்மையான பயிற்சி.

கடைசி வேலை

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போன் தொலைந்தாலும் படம் இருக்கும்படி இன்னொரு இடத்தில் சேமியுங்கள். 8-க்கு 10 அங்குலத்தில் தரமான பிரின்ட்டுக்கு 72 லட்சம் புள்ளிகள் போதும். உங்கள் போனில் அது தாராளமாக இருக்கும்.

பிரின்ட்டை எடுத்துப்போய் முதலில் பாட்டியிடமே காட்டுங்கள். மாலை இல்லாமல், பொட்டு வைக்காமல், தன் படத்தை அவர் தன் கையில் பிடித்துப் பார்க்கட்டும்.