மலைநாடு மீட்ட மக்களாட்சி

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஓர் ஆண்டு மாணவர் மன்றச் செயலாளரை நானே நியமித்தேன். நல்ல பையன்; கட்டுப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. மறு ஆண்டு தேர்தல் வைத்தேன். தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவன் முதல் வாரமே என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, பின்கட்டில் தண்ணீர்ப் பானை போன வருஷமே உடைந்துவிட்டது" என்றான். அதுவரை அச்செய்தி என் காதுக்கு எட்டவே இல்லை. நான் நியமித்தவன் என் முகத்தைப் பார்த்தான்; மாணவர்கள் அனுப்பியவன் அவர்கள் முகத்தைப் பார்த்தான். ஹிமாசலப் பிரதேசத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பானை என் நினைவுக்கு வருகிறது.

1948 ஏப்ரல் 15-ஆம் நாள், ஏறத்தாழ 30 மலைச் சமஸ்தானங்களை ஒன்றுசேர்த்து அமைக்கப்பட்டது ஹிமாசலப் பிரதேசம். அரசியலமைப்பு அமலுக்கு வந்தபோது அது 'சி' பிரிவு ராஜ்யமாயிற்று. முதற் பொதுத் தேர்தலுக்குப் பின், 1952-இல் அங்கே சட்டசபை கூடியது, டாக்டர் ஒய். எஸ். பர்மார் முதலமைச்சரானார். நேற்றுவரை மன்னர்களின் குடிகளாக இருந்தவர்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிந்தெடுத்தனர்.

அப்பேறு நெடுநாள் நிலைக்கவில்லை. 1955-இல் ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் தன் அறிக்கையைத் தந்தது. சிறிய ராஜ்யங்கள் தம் வருவாயில் தாமே வாழ இயலாதவை என்று கருதிய பெரும்பான்மை உறுப்பினர்கள், ஹிமாசலத்தைப் பஞ்சாபுடன் இணைக்கச் சொன்னார்கள். கமிஷனின் தலைவரான பஸல் அலியோ, அது தனித்தே இருக்கவேண்டும் என்று மாறுபட்ட குறிப்பு எழுதினார். சமவெளிப் பெருநாட்டில் கலந்தால் மலைமக்களின் குரல் கேட்குமா என்பதே அங்குள்ளோர் அச்சம். முடிவில் தனிப் பெயர் தப்பியது, சட்டசபை தப்பவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் ஹிமாசலம் மத்திய ஆட்சிப் பிரதேசமாயிற்று. மந்திரிசபையும் மறைந்தது.

1957-இல் பிரதேச கவுன்சில் ஒன்று ஏற்பட்டது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தனர். ஆனால் பள்ளி, மருந்தகம், சாலை போன்ற உள்ளூர்க் காரியங்களைக் கவனிக்கலாமே தவிர, சட்டம் இயற்ற இயலாது. அதிகாரம் லெப்டினென்ட் கவர்னரிடமும், அவருக்கு மேல் மத்திய சர்க்காரிடமும் இருந்தது.

மலைமக்கள் சோர்ந்துவிடவில்லை, இடைவிடாது கேட்டார்கள். 1962-இல் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம், சில மத்திய ஆட்சிப் பிரதேசங்களில் சட்டசபை அமைக்க வழி செய்தது. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரி சட்டசபை பெற்றதும் அதே வழியால்தான். 1963 ஜூலை 1-ஆம் நாள் ஹிமாசலத்தின் பிரதேச கவுன்சில் சட்டசபையாக மாறியது. பர்மார் மீண்டும் முதலமைச்சரானார்.

சட்டசபை வந்துவிட்டதே, பிறகு ராஜ்ய அந்தஸ்து எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ராஜ்யத்தில் கவர்னர் பொதுவாக மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவர். மத்திய ஆட்சிப் பிரதேசத்திலோ, மந்திரிசபைக்கும் நிர்வாகிக்கும் கருத்து வேற்றுமை எழுந்தால் விஷயம் ராஷ்டிரபதிக்குப் போகும். அதாவது டில்லியே தீர்ப்புச் சொல்லும். ராஜ்யப் பட்டியலிலுள்ள பொருள்களிலும் பார்லிமெண்டு அங்கே சட்டம் செய்யலாம். பானை உடைந்ததைச் சொல்ல ஆள் உண்டு. புதுப்பானை வாங்கும் உரிமை முழுமையாக இல்லை.

1966 நவம்பர் 1-ஆம் நாள் பஞ்சாபின் காங்கிரா, குலு முதலிய மலைப்பகுதிகள் சேர்ந்தன. பரப்பும் மக்கட்தொகையும் பெருகின. 1970 டிசம்பரில் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றியது. 1971 ஜனவரி 25-ஆம் நாள், சிம்லாவின் ரிட்ஜ் மைதானத்தில் பனி பொழிய, ஹிமாசலம் 18-ஆவது ராஜ்யம் ஆனதைப் பிரதமர் இந்திரா காந்தி அறிவித்தார். பதினான்கு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காத்திருப்பு, ஒரு கலகமின்றி முடிந்தது.

இது பழங்கதை மட்டுமன்று. 2019 அக்டோபர் 31-ஆம் நாள் ஜம்மு-காஷ்மீர் ராஜ்யம் இரண்டு மத்திய ஆட்சிப் பிரதேசங்களாகப் பிரிந்தது. அவற்றுள் லடாக்கிற்குச் சட்டசபை அமையவில்லை. ஜம்மு-காஷ்மீருக்கு ராஜ்ய அந்தஸ்தை விரைவில் மீட்டளிக்கவேண்டும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024-இல் அங்கே தேர்தல் நடந்து, அக்டோபரில் மந்திரிசபை பதவியேற்றது. இவ்விரு வரலாறுகளும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே.

மாணவர்களே, திறமையான நிர்வாகம் நல்லதே. ஆனால் நம் குறையைக் கேட்கக் கடமைப்பட்டவர் யார், கேளாவிடில் அவரை மாற்றும் உரிமை நமக்கு உண்டா என்பவற்றையும் சேர்த்தே கேளுங்கள். அந்த உரிமைக்குப் பெயர்தான் மக்களாட்சி.