இணைந்தும் பேசாத கருவிகள்

சென்ற ஆண்டில் ஒரு மாலை, பத்து மாணவர்கள் என் அறையில் கூடியிருந்தார்கள். பேராசிரியர் ஒருவரின் சொற்பொழிவு என் கைப்பேசியில் பதிவாகியிருந்தது. கைப்பேசியின் ஒலி பத்துப் பேருக்குப் போதாது. மேசைமேல் லினக்ஸ் கணினியும், அதனுடன் நல்ல ஒலிபெருக்கிகளும் இருந்தன. இரண்டையும் புளூடூத் வழியாக இணைத்தேன். "இணைந்துவிட்டது" என்று கைப்பேசி அறிவித்தது. ஒலிபெருக்கியோ வாய் திறக்கவில்லை. இணைப்பைத் துண்டித்தேன், மீண்டும் இணைத்தேன், கணினியை அணைத்து எழுப்பினேன். ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்றார்கள். பிழை என்னுடையதே என்று மறுநாள் கண்டேன். அது எது என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

என்னை ஏமாற்றியது "இணைந்துவிட்டது" என்னும் அந்த ஒரு சொல்தான். அதனுள் வெவ்வேறான நான்கு செய்திகள் அடங்கியிருக்கின்றன. வானொலி அலை சேர்ந்திருக்க வேண்டும். இரு கருவிகளும் ஒன்றையொன்று நம்ப வேண்டும். யார் பேசுவது, யார் கேட்பது என்று உடன்பட வேண்டும். வந்த ஒலி சரியான வாயிலுக்குச் செல்ல வேண்டும். இவற்றில் எது அறுந்தது என்று கேளாமல் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் தொடங்குவது வீண் உழைப்பாகும்.

முதலில் அலை. 1994-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தார் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே புளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயரே இதற்கும் பெயராயிற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 79 அலைவரிசைகள் உண்டு. அவற்றினூடே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி இது செய்தியை அனுப்புகிறது. வைஃபையும் நுண்ணலை அடுப்பும் அதே பகுதியில் நடமாடுபவை. மூன்றாம் தலைமுறை யு.எஸ்.பி. இணைப்புகளும் அங்கே இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல் நிறுவனம் 2012-இல் ஆராய்ந்து வெளியிட்டது. ஆகவே ஒலி விட்டுவிட்டு வருமானால் இங்கே தேடுங்கள். புளூடூத் செருகியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டிச் சற்று விலக்கி வைத்தாலே பல வேளைகளில் குறை தீர்ந்துவிடும். கணினி கைப்பேசியைக் காணவே இல்லையென்றால், 'ஆர்எஃப்கில்' என்னும் கட்டளை புளூடூத் பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டிவிடும்.

இரண்டாவது நம்பிக்கை. முதன்முறை அறிமுகமாகும்போது இரு கருவிகளும் ஓர் இரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு படியை வைத்துக்கொள்கின்றன. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருக்கும் மாணவர்கள் இவ்விடத்தில் இடறுவதுண்டு. இரண்டுக்கும் புளூடூத் முகவரி ஒன்றே, சாவிகளோ வேறு. நேற்று லினக்ஸுடன் அறிமுகமான கைப்பேசியை இன்று விண்டோஸுடன் அறிமுகம் செய்தால், பழைய சாவியின் இடத்தில் புதியது அமர்ந்துவிடும். பின்னர் லினக்ஸ் கதவைத் தட்டினால் திறக்காது. இருபுறமும் பழைய அறிமுகத்தை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒருபுறம் மட்டும் நீக்கினால் பயனில்லை.

மூன்றாவதே நுட்பமானது. புளூடூத்தில் ஒலிக்கு ஒரே வழி இல்லை. இசைக்கு ஒன்று, தொலைபேசி உரையாடலுக்கு ஒன்று எனத் தனித்தனி ஒப்பந்தங்கள் உள்ளன. இவற்றைப் 'புரொபைல்' என்பர். இசைக்குரியது 'ஏ2டிபி'. அதில் ஒலி ஒரு திசையில் மட்டுமே செல்லும். ஒருவர் ஊற்று, மற்றவர் ஏற்பவர். உரையாடலுக்குரியதில் ஒலி இரு திசையிலும் செல்லும். அதற்கு விலையாகத் தரம் குறையும். இசைத்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், பழைய உரையாடல் முறையில் 8,000, பின்வந்த முறையில் 16,000. பாட்டு தொலைபேசிக் குரல்போல மெலிந்து கேட்டால் ஒப்பந்தம் மாறிவிட்டது என்று அறியலாம்.

காதொலிக் கருவியுடன் சேரும்போது கணினியே ஊற்று. கைப்பேசியின் பாட்டை வாங்கி முழங்கும்போது அதே கணினி ஏற்பவராக வேண்டும். இந்தப் பாத்திர மாற்றத்திற்கு லினக்ஸில் இருவர் ஒத்துழைக்க வேண்டும். ஒருவர் 'புளூஸி'. 2001 முதல் லினக்ஸுக்குப் புளூடூத்தைத் தருவது இதுவே. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, ஒலியைக் கையாளும் பொறுப்பை இது வேறொருவரிடம் விட்டுவிட்டது. அவரே ஒலிச்சேவகர், முன்பு 'பல்ஸ் ஆடியோ', இப்போது பெரும்பாலும் 'பைப்வயர்'. டெபியன் போன்ற தொகுப்புகளில் பைப்வயரின் புளூடூத் பகுதி தனிப் பொதியாக இருக்கிறது. அது நிறுவப்படாவிட்டால், ஒலியை ஏற்க ஆளில்லை. அப்போது புளூஸியின் குறிப்பேட்டில் "நெறிமுறை கிடைக்கவில்லை" என்னும் பொருளுடைய ஆங்கில வரி பதிவாகும். படிப்பவர் கருவியே பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓடுகிறார்! அப்பொதியை நிறுவிக் கணினியை மீண்டும் எழுப்பினால் போதும். கைப்பேசியிலும் ஒன்று பார்க்க வேண்டும்: ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், இணைந்த கருவியின் பக்கத்தில் இசைக்கும் அழைப்புக்கும் தனித்தனி விசைகள் உண்டு. இசை விசை அணைந்திருந்தாலும் "இணைந்துவிட்டது" என்றே திரை சொல்லும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் ஒலிக் கட்டுப்பாட்டுச் சாளரத்தைத் திறந்தேன். கைப்பேசியின் பெயருக்கு அருகே ஒலியளவைக் காட்டும் பட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் பேசிக்கொண்டேதான் இருந்தார்! அவர் பேச்சு அலையாக வந்து, சாவியால் திறக்கப்பட்டு, கணினிக்குள் முறையாக நுழைந்து, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே ஒலிபெருக்கியே இல்லாத திரைக்குச் சென்று மறைந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் புதிய திரையை மாட்டியபோது, ஒலி செல்லும் வாயில் அதற்கு மாறியிருக்கிறது. கணினியிலேயே உள்ள ஒரு பாட்டை முதலில் இசைத்துப் பார்த்திருந்தால் அதுவும் கேட்டிராது. புளூடூத்தின்மேல் பழியில்லை என்பது அப்போதே விளங்கியிருக்கும். நான் அதைச் செய்யவில்லை.

வாயிலை மாற்றினேன். ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து குரல் அறையை நிறைத்தது. அடுத்த வாரம் மாணவர்களை மீண்டும் அழைத்தேன். ஏழு பேர் வந்தார்கள்.