விஷம் ஏறாத குடும்பம் உண்டா?

“எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டாருக்கு விஷம் ஏறாது, டாக்டர்” என்று உறுதியாகச் சொல்பவர்களைப் புறநோயாளிப் பிரிவில் அவ்வப்போது காண்கிறோம். சிலந்திக் கடியோ பாம்புக் கடியோ, காலம் கடந்து வருவதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். இதில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதால் சற்று விரிவாகவே விளக்க வேண்டியுள்ளது.

நஞ்சு என்பது பெரும்பாலும் புரதங்களின் கலவை. அந்நியப் புரதம் உடலுள் புகுந்ததும் சில வெள்ளணுக்கள் அதைத் துண்டுகளாக்கி, எச்.எல்.ஏ. என்னும் கொக்கி போன்ற மூலக்கூறில் மாட்டிப் பிற அணுக்களுக்குக் காட்டுகின்றன. அதன் பின்னரே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் செவ்வனே உருவாகிறது. அந்தக் கொக்கியின் வடிவம் தாய் தந்தையரிடமிருந்து வருவது. ஆளுக்கு ஆள் மாறுவது. ஒருவரிடம் இறுகப் பற்றும் துண்டு மற்றொருவரிடம் நழுவிவிடும்.

1960களில் பெனாசெராஃப் என்னும் அறிஞர் கினிப் பன்றிகளுக்கு ஒரே பொருளைச் செலுத்தியபோது, சில எதிர்ப்பொருளை உண்டாக்கின, சில உண்டாக்கவில்லை. இத்தன்மை பரம்பரையாக வருவதும் தெரிந்தது. 1980ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவர் ஒருவர். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான பெரியவர்களிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் போதிய பாதுகாப்பு கிடைப்பதில்லை, அதற்கும் எச்.எல்.ஏ. வேறுபாடு ஒரு காரணம்.

ஆனால், புதிதாக எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரமாவது வேண்டும். கொடிய நஞ்சு மணிக்கணக்கில் வேலையை முடித்துவிடும். நல்ல மரபணு வாய்த்தவரும் இந்தப் பந்தயத்தில் தோற்பார். பாட்டனார் பிழைத்தது பொய்யன்று; அவரைக் கடித்தது விஷமற்ற பாம்பாக இருந்திருக்கலாம், அல்லது விஷப்பாம்பே நஞ்சை இறக்காமல் கடித்திருக்கலாம். இரண்டும் சாதாரணமாக நிகழ்பவை.

ஆகவேதான் பாதுகாப்பைக் குதிரையிடம் கடன் வாங்குகிறோம். 2019 வரை நம் மாவட்டத்தில் இருந்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்குகிறது. அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி எதிர்ப்பொருளைப் பெறுகிறார்கள். குதிரைக்குக் குதிரையும் இந்தத் திறன் மாறும். எனவே பல குதிரைகளின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்ப்பார்கள். இருளர்களுக்கு விஷம் ஏறாது என்பதும் கட்டுக்கதையே. அவர்களைக் காப்பது கைத்திறன். கடிபட்டால் அவர்களுக்கும் இதே ஊசிதான்.

கடன் வாங்கிய பாதுகாப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். முன்பு ஊசி போட்டவர் அடுத்த கடிக்குத் துணிந்திருக்கக் கூடாது. அந்த ஊசியால் அப்போது ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அதற்காக ஊசியை மறுக்க வேண்டாம், சமாளிக்க மருந்து உண்டு.

சிலந்திக்கு வருவோம். நம் வீடுகளிலும் தறிக்குழிகளிலும் காணும் சிலந்திகளின் கடி பெரும்பாலும் சோப்பு நீரில் கழுவினாலே ஓரிரு நாளில் அடங்கும். பாம்புக்கடி ஊசி இதற்குப் பயன்படாது. கடித்த இடம் கறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ உடனே வர வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. தரையில் படுத்துறங்குபவரைக் கட்டு விரியன் இரவில் தீண்டினால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். ‘ஏதோ பூச்சி, சிலந்தியாக இருக்கும்’ என்று மீண்டும் உறங்கிவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, இமை கீழே சரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், கடித்தது எதுவென்று ஆராய வேண்டாம். கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல், 108ஐ அழையுங்கள்.