நியூ ஹாம்சயர் பண்ணைக் கொட்டகைப் பாதுகாப்புச் சட்டம்

நியூ ஹாம்சயர் பண்ணைக் கொட்டகைப் பாதுகாப்புச் சட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் பழைய வேளாண் கொட்டகைகளைப் பேணுவோருக்கு உள்ளூராட்சிகள் சொத்துவரிச் சலுகை வழங்க வழிசெய்யும் சட்டமாகும். இது 2002 இல் நடைமுறைக்கு வந்தது.

வைக்கோலும் கால்நடைகளும் நிறைந்திருந்த இம்மரக் கட்டடங்கள், பால் பண்ணைகள் குறைந்தபின் வருமானம் தராதவையாயின. பழுது பார்த்தால் மதிப்பீடு உயர்ந்து வரி கூடும். இடித்தால் வரி குறையும். இந்த விந்தையான நிலையால் உறுதியான கொட்டகைகள்கூட இடிக்கப்பட்டன.

குறைந்தது 75 ஆண்டுப் பழமையும், பொதுச் சாலையிலிருந்து காணத்தக்க அழகு அல்லது வரலாற்றுச் சிறப்பு போன்ற பொதுப்பயனும் உடைய கொட்டகைக்கு உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். ஊரின் ஆட்சிமன்றம் மக்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும். ஏற்கப்பட்டால், உரிமையாளர் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் கட்டடத்தைப் பேண வேண்டும். அதன் வரி மதிப்பீடு 25 முதல் 75 விழுக்காடு வரை குறைக்கப்படும். சலுகை தாராளமானதே, எனினும் விண்ணப்பிக்காதவரின் கொட்டகையை இச்சட்டம் காப்பதில்லை.