கைக்கும் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவருக்குக் கடந்த ஆண்டு பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. வலது கைதான் ஒத்துழைக்கவில்லை. நலம் விசாரிக்கச் சென்றபோது கைப்பேசியில் ஒரு காணொலியைக் காட்டினார். கண்களை முழுவதும் மறைக்கும் கருவியை அணிந்த ஒருவர், காற்றில் கையை நீட்டி எதையோ பறித்துக்கொண்டிருந்தார். "இதை வாங்கினால் என் கை மறுபடியும் கரும்பலகையில் எழுதுமா டீச்சர்? கடன் வாங்கியாவது வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன்" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

பழுது கையில் இல்லை

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதியின் செல்கள் இறக்கின்றன. மூளையின் இடது பாதிதான் வலது கையை இயக்குகிறது. எனவே எலும்பும் தசையும் நன்றாக இருந்தும், கட்டளை போய்ச் சேர்வதில்லை.

இறந்த செல்கள் மீள்வதில்லை. ஆனால், பயிற்சி கிடைத்தால் அருகிலுள்ள பகுதிகள் அவற்றின் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் 1996இல் குரங்குகளிடம் இதைக் காட்டினர். சிறு குழிகளிலிருந்து உணவு உருண்டைகளைத் திரும்பத் திரும்ப எடுக்கப் பழகிய குரங்குகளின் மூளையில், கைக்குரிய பகுதி சுருங்காமல் காக்கப்பட்டது. மூளையின் நெகிழ்வுத்தன்மை என்பது இதுதான்.

எத்தனை முறை செய்ய வேண்டும்? இத்தகைய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சிகிச்சைகளைக் கவனித்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, ஓர் அமர்வில் நோயாளியின் கை செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே என்றது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் மெய்நிகர் பயிற்சி வந்தது.

விளையாட்டு என்ன செய்கிறது?

வெறுங்கையை நூறு முறை நீட்டச் சொன்னால் பத்தாவது முறையே சலித்துவிடும். கேமராவோ உணர்கருவியோ கையசைவைப் படித்து, அதைத் திரையில் பழம் பறிப்பதாகவும் பந்து தடுப்பதாகவும் காட்டினால் கதை மாறும். கை எட்டியதா இல்லையா என்பது அந்த நொடியே தெரிகிறது. மதிப்பெண் ஏறுகிறது. எளிதாகிவிட்டால் பழம் சற்று உயரத்துக்குப் போகிறது; முடியாவிட்டால் கீழே இறங்குகிறது.

இதெல்லாம் நமக்குப் புதிதா? எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தையின் நிலையறிந்து செயல்பாடு கொடுக்கிறோம். தவறை உடனுக்குடன் திருத்துகிறோம். ஆடலும் பாடலுமாகத் திரும்பச் செய்ய வைக்கிறோம். அதே கற்பித்தல் முறைதான் அங்கே கைக்கு நடக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2016இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, ஒரு குழு வீ என்னும் காணொலி விளையாட்டுக் கருவியில் பயின்றது. மற்றொரு குழு சீட்டாட்டம், பந்து போன்ற சாதாரண விளையாட்டுகளை ஆடியது. இரு குழுவினரும் ஒரு மணி நேர அமர்வுகள் பத்தை இரண்டு வாரங்களில் முடித்தனர். இருவர் கையும் முன்னேறியது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

72 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2017 மதிப்பாய்வும் இதையொட்டியே அமைந்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுத்தால், கைக்கு மெய்நிகர் பயிற்சி அதைவிட மேலானதாகத் தெரியவில்லை. அதனுடன் கூடுதலாகச் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரம் பெருகும்போது பலன் கிடைக்கக்கூடும். அதாவது மருந்து கருவியில் இல்லை. திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. அந்தத் திரும்பச் செய்தலைச் சலிப்பில்லாமல் ஆக்குவதே கருவியின் வேலை.

நம் வீடுகளில்

மறுவாழ்வு மையத்தில் இந்த வசதி இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். இல்லையே என்று ஏங்கவும் வேண்டாம், கடன்படவும் வேண்டாம். பல்லாங்குழியில் புளியங்கொட்டை அள்ளுவதும், சீட்டுப் பிரிப்பதும், டம்ளர்களை அடுக்குவதும் கைக்கு நல்ல பாடங்களே. எதை, எந்த அளவில் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வலிக்கும் தோளை இழுத்துப் பயிற்சி தரக்கூடாது. தலைசுற்றலோ வலிப்போ உள்ளவர்கள் கண்ணை மறைக்கும் கருவியை மருத்துவர் அனுமதியின்றி அணியக்கூடாது. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நல்ல கையே எல்லாவற்றையும் செய்துவிட்டால், பலவீனமான கை தன்னால் முடிந்ததையும் விட்டுவிடும். அன்பு மிகுதியால் நாமே சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் அப்படித்தான். மெதுவாக எழுதும் குழந்தையின் நோட்டைப் பிடுங்கி நாம் எழுதித் தருவோமா?

அந்த ஆசிரியர் கருவி வாங்கவில்லை. மாலையில் பேத்தியுடன் பல்லாங்குழி ஆடுகிறார். எழுத்து இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. போன வாரம் சென்றபோது பேத்தியின் சிலேட்டில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். கோடுகள் நடுங்கியிருந்தன; மூன்று முனைகளும் சேர்ந்திருந்தன.